பூதக்கண்ணாடியும் நடுக் கறுப்பும்

தேர்வு அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதலில் அதை வைத்தவர்கள் அவரிடம் மாட்டிக்கொண்ட மாணவர்கள். பிறகு அலுவலகக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் அவருடைய மனைவியே கோபம் வரும்போது அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவருக்கு அதில் வருத்தம் இல்லை. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது அன்பாக அழைத்தால்தான் 'இவனுக்கு என்ன வேண்டும்?' என்று யோசிப்பார்.

பள்ளி இறுதித் தேர்வில் காப்பி அடித்ததாகச் சந்தேகம் விழும் விடைத்தாள்களை விசாரிப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதே மேசை, ஒரு கால் ஆடும் அதே நாற்காலி. இரண்டு விடைத்தாள்களை அருகருகே வைத்து, ஒரு மர அளவுகோலை மேலிருந்து கீழே வரி வரியாக நகர்த்திக்கொண்டே வருவார். சரியான விடைகள் ஒன்றுபோல இருந்தால் கண்டுகொள்ள மாட்டார். சரி என்பது எல்லோருக்கும் பொது. தப்புதான் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் தப்பைத்தான் பார்ப்பார். ஒருமுறை ஒரு பையன் பக்கத்து விடைத்தாளின் அடியில் இருந்த 'மறுபக்கம் பார்க்கவும்' என்பதையும் சேர்த்து எழுதிவிட்டான். அவனுடைய மறுபக்கத்தில் ஒன்றுமே இல்லை. அந்தக் கதையை அவர் வருடத்துக்கு நாலு தடவையாவது சொல்லுவார்.

வீட்டிலும் அதே கண்தான். பிஸ்கட் டப்பாவில் எத்தனை இருந்தது என்று தெரியும். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். மனைவி மருந்துக் கடையில் மருந்தாளுநர். வாயில் பதில் தயாராக வைத்திருப்பவள்.

"நான் சிரிச்சா ஏன் சிரிச்சேன்னு சந்தேகம். சிரிக்கலைன்னா என்னத்தை மறைக்கிறேன்னு சந்தேகம். உங்களுக்குன்னு தனியா ஒரு முகமா செஞ்சு மாட்டிக்க முடியும்?" என்பாள்.

அவர் பிறக்கும்போதே இப்படி இல்லை. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், அழுதுகொண்டு நின்ற இரண்டு பையன்களை நம்பினார். தற்செயலாக ஒத்துப்போயிருக்கிறது என்று எழுதி அனுப்பிவிட்டார். வினாத்தாள் முன்பே வெளியே போயிருந்தது என்று பிறகு தெரிந்தபோது பழி, வினாத்தாள் கட்டுகளைத் தூக்கிப் போன கடைநிலை ஊழியர் மேல் விழுந்தது. அந்த ஊழியருக்கு வேலை போயிற்று. உண்மையில் விற்றவர் வேறு ஆள். அன்றிலிருந்து பூதக்கண்ணாடி கண்ணீரை ஒரு சாட்சியாக ஏற்றுக்கொள்வதில்லை. அதற்குப் பதிலாக ஒரு விதியைப் பிடித்துக்கொண்டார். தனித்தனியாக இருக்கும் இரண்டு பேர் ஒரே தப்பைச் செய்தால், ஒன்று அவர்கள் பேசிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

அந்த விதியோடு அவர் நிம்மதியாக ஓய்வு பெற்றிருப்பார். அதற்குள் இயற்பியல் தாளின் முப்பத்தொன்றாம் கேள்வி வந்து சேர்ந்தது.

கேள்வி இதுதான். அருகருகே உள்ள இரண்டு மெல்லிய பிளவுகள் வழியாக ஒளித் துகள்களை ஒவ்வொன்றாக அனுப்பினால், கடைசியில் திரையில் சேரும் வடிவத்தை வரைந்து விளக்கு. விடை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. வெளிச்சப் பட்டையும் இருட்டுப் பட்டையும் மாறி மாறி வரும். நடுப் பட்டை எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக இருக்கும்.

ஒரே பள்ளியைச் சேர்ந்த இரண்டு மாணவிகள் மட்டும் நடுவில் கன்னங்கறுப்பாக ஒரு பட்டையை வரைந்திருந்தார்கள். காரணமும் ஒன்றுபோலவே எழுதியிருந்தார்கள்: 'இரண்டு வழியாகவும் வந்தது நடுவில் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது.' ஒருத்தி தரைத்தளத்தில், இரண்டாம் அறையில் தேர்வு எழுதியவள். மற்றவள் இரண்டாம் மாடி, ஒன்பதாம் அறை. கைப்பேசிகள் வாசலிலேயே வாங்கி வைக்கப்பட்டிருந்தன. எழுதி முடிக்கும்வரை இருவரும் எழுந்து வெளியே போகவில்லை.

பேசிக்கொள்ள வழியில்லை. அப்படியானால் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். முன்பே பேசி வைக்கக் கேள்வி முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பள்ளியின் இயற்பியல் டீச்சர் இந்த வருடம் வினாத்தாள் தயாரித்த குழுவில் ஒருவர். அதைப் படித்ததும் பூதக்கண்ணாடிக்கு மூக்கில் வியர்த்தது.

இருவரிடமும் வாங்கிய எழுத்து வாக்குமூலம் சந்தேகத்தை இன்னும் கெட்டியாக்கியது. இருவரும் ஒரே வரிதான் எழுதியிருந்தார்கள்: 'செய்முறை வகுப்பில் பார்த்ததை எழுதினோம்.' ஒப்பித்த மாதிரி இருந்தது.

"புதன்கிழமை முடிவு வெளியாகுது. செவ்வாய்க்கிழமை உங்க அறிக்கை என் மேசையில இருக்கணும்" என்றார் மேலதிகாரி. "தாள் வெளியானதுன்னு முடிவானா, அந்த ரெண்டு பொண்ணுங்களும் மூணு வருஷம் தேர்வு எழுத முடியாது. தெரியும்ல?"

தெரியும். அந்தத் தடை உத்தரவின் அடியில் கையெழுத்துப் போடுபவரே அவர்தானே.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனார். இயற்பியல் ஆய்வகம் ஒரு நீளமான அறை. மர முக்காலிகள், சொட்டிக்கொண்டிருக்கும் குழாய், ஜன்னல்களுக்குத் தடித்த கறுப்புத் திரை. கடைசியில் ஒரு இரும்பு அலமாரி. டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டைக் கையில் சாக்பீஸ் தூள். மேசையில் சாவிக்கொத்து கிடந்தது.

"இந்த வருஷ செய்முறை நோட்டெல்லாம் பார்க்கணும் டீச்சர்."

டீச்சரின் கை போய்ச் சாவிக்கொத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. "நோட்டா? எல்லாம் கலைஞ்சு கிடக்கு சார். அடுக்கி வச்சுட்டுச் சொல்லி அனுப்பறேனே."

கலைந்து கிடப்பதை யாராவது பூட்டி வைப்பார்களா? பூதக்கண்ணாடி அதைக் கேட்கவில்லை. மனத்துக்குள் எழுதிக்கொண்டார்.

"ரெண்டு பொண்ணுங்களும் வேற வேற மாடி. ஒரே தப்பு. ஒண்ணு பேசியிருக்கணும், இல்ல முன்னாடியே பேசி வச்சிருக்கணும். வேற வழி உண்டா, சொல்லுங்க."

டீச்சர் கொஞ்ச நேரம் குழாய் சொட்டுவதைப் பார்த்தார். "அந்த ரெண்டே வழிதான்னு இயற்பியல்லயும் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தாங்க சார்."

"யாரு?"

"இந்தத் துகள் விஷயத்துல மண்டையை உடைச்சுக்கிட்டவங்க. ஒரே இடத்துல ஜோடியாப் பிறக்கிற ஒளித் துகள் ரெண்டு. ஒண்ணு இந்தப் பக்கம் போகுது, ஒண்ணு அந்தப் பக்கம். ரொம்பத் தூரம். ரெண்டு முனையிலயும் ஒரு கருவி. அது மூணு கேள்வில ஏதோ ஒண்ணைக் கேக்கும். துகள் ஆமாம், இல்லைன்னு ஒரு பதில்தான் சொல்லும்."

"சரி."

"ரெண்டுக்கும் ஒரே கேள்வி வந்தா, ஒரு தடவைகூடப் பிசகாம ஒரே பதில்."

"அப்போ முன்னாடியே பேசி வச்சிருக்கு" என்றார் பூதக்கண்ணாடி பட்டென்று. "ரெண்டு கையிலயும் ஒரே விடைச்சீட்டு."

"அப்படித்தான் தோணும். ஆனா வேற வேற கேள்வி வந்தா, சராசரியா நாலு தடவைக்கு ஒரு தடவைதான் பதில் ஒத்துப்போகுது."

"அதனால?"

"அதனால விடைச்சீட்டு வச்சிருக்க முடியாது சார். நான் சொல்ல வேண்டாம், வீட்டுல உக்காந்து எண்ணிப் பாருங்க."

வெளியே வந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது பூதக்கண்ணாடிக்குக் கோபம் வந்தது. நோட்டைக் கேட்டால் துகளைக் காட்டுகிறார். கைதேர்ந்த திசைதிருப்பல். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை மட்டும் முள்ளாகத் தைத்துவிட்டது. எண்ணிப் பார் என்று சொன்ன பிறகு அதை எண்ணாமல் இருப்பது அவரால் ஆகாத காரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் சட்டைப் பொத்தான்களைக் கொட்டினார். வெள்ளை என்றால் ஆமாம், கறுப்பு என்றால் இல்லை. மனைவி தேநீரோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"யார் சட்டையைப் பிச்சீங்க?"

"கொஞ்சம் சும்மா இரு. நீயும் நானும் திருடங்க. தனித்தனி அறையில நம்மளை விசாரிக்கப் போறாங்க. மொத்தம் மூணு கேள்வி. யாருக்கு எது வரும்னு முன்னாடியே தெரியாது. ஆனா ஒரே கேள்வி வந்தா ஒரே பதில் சொல்லியே ஆகணும். என்ன பண்ணுவோம்?"

"மூணு கேள்விக்கும் பதிலை முன்னாடியே பேசி வச்சுக்குவோம். நீங்க மறந்து தொலைப்பீங்க, நான் மாட்டிக்குவேன்."

"மறக்க மாட்டேன்னு வச்சுக்கோ. இப்போ வேற வேற கேள்வி வருது. எத்தனை தடவை பதில் ஒத்துப்போகும்?"

அவர் பொத்தான்களை மூன்று மூன்றாக அடுக்கினார். மூன்றும் வெள்ளை. இரண்டு வெள்ளை ஒரு கறுப்பு. ஒரு வெள்ளை இரண்டு கறுப்பு. மொத்தம் எட்டு வரிசை வந்தது. மனைவி மூன்றாவது வரிசையிலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

"மூணு பேருக்குச் சட்டை எடுக்கணும். கடையில ரெண்டே கலர்தான் இருக்கு. எப்படி எடுத்தாலும் ரெண்டு பேரு ஒரே கலர் போட்டுத்தான ஆகணும்?"

பூதக்கண்ணாடி நிமிர்ந்து பார்த்தார். ஆமாம். மூன்று கேள்விக்கு இரண்டே பதில். எந்த வரிசையை எடுத்தாலும், குறைந்தது ஒரு ஜோடிக் கேள்விகளுக்காவது ஒரே பதில் இருந்தாக வேண்டும். ஜோடிகள் மூன்று. ஆகவே வெவ்வேறு கேள்வி வரும்போது, மூன்றில் ஒரு தடவையாவது பதில் ஒத்துப்போக வேண்டும். கூடலாம், குறையக் கூடாது. எந்தக் கெட்டிக்காரத் திருடனும் எந்த விடைச்சீட்டை வைத்தும் அதற்குக் கீழே இறக்க முடியாது.

"ஆனா அதுங்க நாலுல ஒண்ணுதான் ஒத்துப்போகுதாம்" என்றார்.

"அப்போ சீட்டு இல்லை."

"சீட்டு இல்லாம ஒரே கேள்விக்கு எப்படி ஒரு தடவைகூடப் பிசகாது? பேசுதுங்களோ?"

"அவ்வளவு தூரத்துல இருந்தா?"

"இல்லைன்னா எண்ணினவன் தப்பா எண்ணியிருக்கான்."

"எத்தனை பேரு திரும்பத் திரும்ப எண்ணியிருப்பாங்க. எல்லாருமா தப்பு விடுவாங்க?"

"அப்போ கேள்வியைத் தேர்ந்தெடுக்கிற ஆளு. அவன் கூட்டாளி. எந்தக் கேள்வி வரும்னு துகள்கிட்ட முன்னாடியே சொல்லிட்டான்."

"கடைசி நொடியில சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கேள்வி கேட்டா?"

"குலுக்கல் சீட்டை எழுதினவன்?"

மனைவி தேநீரைக் கீழே வைத்தாள். "ஏங்க, இந்த உலகத்துல நீங்க சந்தேகப்படாத ஆளு ஒருத்தராவது உண்டா? என்னையும் சேர்த்துச் சொல்லுங்க, பரவால்ல."

அவர் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்று அவரைக் குடைந்தது. அது துகளைப் பற்றியது அல்ல. இருபத்தாறு வருடமாக அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? இரண்டு பேரைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து ஒரே கேள்வியைக் கேட்டார். ஒரே பதில் வந்ததும் 'மாட்டினாயா' என்றார். ஆனால் ஒரே கேள்விக்கு ஒரே பதில் வருவதை வைத்து, அது ஏன் வந்தது என்று ஒன்றும் சொல்ல முடியாது. சீட்டு வைத்திருந்தாலும் அப்படித்தான் வரும், வேறு காரணம் இருந்தாலும் அப்படித்தான் வரும். கேள்வி வேறு வேறாக இருக்க வேண்டும். யாருக்கு எது என்று கடைசி நொடிவரை யாருக்கும் தெரியக் கூடாது. அப்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

திங்கட்கிழமை இரண்டு மாணவிகளும் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஒருத்தி கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். வாய் திறக்கவில்லை. அவளைப் பூதக்கண்ணாடி மனத்துக்குள் நெட்டை என்று குறித்துக்கொண்டார். மற்றவள் உள்ளே நுழையும்போதே, "சார், மூணு வருஷம்னா எனக்கு இருபத்தொண்ணு ஆயிடும் சார், அதுக்கப்புறம் எந்தக் கல்லூரில சேர்ப்பாங்க?" என்று ஆரம்பித்தாள். அவள் வாயாடி.

ஒருத்தியை நாலாம் அறையிலும் மற்றவளைத் தாழ்வாரத்தின் மறுமுனையில் ஏழாம் அறையிலும் உட்கார வைத்தார். தேநீர்க் கோப்பையில் மூன்று சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி.

நெட்டை எடுத்த சீட்டு: 'நடுவில் இருந்த கறுப்பின் ஓரம் எப்படி இருந்தது?'

அவள் நெடுநேரம் யோசித்தாள். ஒப்பிக்க வந்தவள் யோசிக்க மாட்டாளே என்று அவருக்கு ஓடியது. யோசிப்பதுபோல நடிக்கவும் சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்றும் உடனே ஓடியது.

"நேரா இருந்துச்சு சார். ஒரு விரல் அகலம். கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு மூலை சுருண்டிருந்துச்சு."

"சுருண்டிருந்துச்சா? இருட்டு எப்படிம்மா சுருளும்?"

அவள் முகம் வெளிறிவிட்டது. "தெரியல சார். சுருண்டுதான் இருந்துச்சு."

அந்தச் சீட்டை மடித்துக் கோப்பையில் போட்டுக்கொண்டு ஏழாம் அறைக்குப் போனார். வாயாடி எடுத்தது வேறு சீட்டு: 'ஒளியை அணைத்த பிறகு என்ன தெரிந்தது?'

"என்ன தெரியும் சார், அணைச்சா ஒண்ணும் தெரியாதுல்ல? ஜன்னல் திரையெல்லாம் மூடி வச்சிருந்தாங்க. சுவர்தான் மங்கலாத் தெரிஞ்சுது." நிறுத்தினாள். "ஆங், அந்தக் கறுப்பு மட்டும் போகல சார். அப்படியே இருந்துச்சு. வெளிச்சத்தையே பார்த்துப் பார்த்துக் கண்ணுல ஒட்டிக்கிச்சுபோலன்னு கூட நின்ன அவகிட்டச் சொன்னேன். அதுக்குள்ள அடுத்த ஜோடி வந்து எங்களைத் தள்ளிட்டாங்க."

பூதக்கண்ணாடி எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். சுருண்ட மூலையுள்ள இருட்டு. விளக்கை அணைத்தாலும் போகாத இருட்டு. இவை இரண்டும் எந்த விடைச்சீட்டிலும் இருக்க முடியாதவை. பொய் சொல்லித்தர உட்காருகிற எவரும் இவ்வளவு அசட்டுத்தனமாகச் சொல்லித்தர மாட்டார்கள். இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த இரண்டு பதிலும் ஒரே பொருளைக் கைகாட்டின.

சொல்லி அனுப்பாமல் நேராகப் பள்ளிக்குப் போனார். ஆய்வகத்தில் டீச்சர் தனியாக இருந்தார்.

"சாவி, டீச்சர்."

இந்த முறை கை சாவியின் மேல் உட்காரவில்லை. டீச்சர் எழுந்து அலமாரியைத் திறந்தார். நோட்டுகள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எதுவும் கலைந்திருக்கவில்லை.

மொத்தம் நாற்பது. பூதக்கண்ணாடி தன் மர அளவுகோலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். முப்பத்தெட்டில் படம் சரி. நடுவில் பிரகாசம், இரு பக்கமும் மாறி மாறிப் பட்டைகள். கீழே விளக்கமும் சரி. விளக்கத்தின் முடிவில் 'படம் 7.3-ஐக் காண்க' என்று முப்பத்தெட்டு பேரும் எழுதியிருந்தார்கள். எந்த நோட்டிலும் படம் 7.3 இல்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து இறக்கியதை மற்றவர்கள் வரிசையாக இறக்கியிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் அவர் சந்தோஷத்தில் குதித்திருப்பார்.

மீதி இரண்டு நோட்டில் நடுவில் கன்னங்கறுப்பு. கவனமாக, அளவுகோல் வைத்துத் தீட்டியது. கீழே அதே வரி: ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு பெரிய சரி அடையாளம், டீச்சரின் சுருக்கக் கையெழுத்து, தேதி.

தேதியை இரண்டு தடவை பார்த்தார். பள்ளி திறந்த இரண்டாம் மாதம். வினாத்தாள் குழு முதன்முதலாகக் கூடியதே அதற்கு ஆறு மாதம் கழித்துத்தான். கேள்வி பிறப்பதற்கு முன்பே இந்த விடை பிறந்திருக்கிறது.

"இது தப்பான படம், டீச்சர்."

"ஆமா சார்."

"நீங்க சரி போட்டிருக்கீங்க."

டீச்சர் முக்காலியில் உட்கார்ந்தார். "நாற்பது நோட்டு. அது மாதிரி அஞ்சு வகுப்பு. தேதியைப் பார்த்தேன், படம் இருக்கான்னு பார்த்தேன், போட்டுட்டேன். அந்தப் பொண்ணுங்க மாட்டினதும் எடுத்துப் பார்த்தேன். வெளிய தெரிஞ்சா என்ன சொல்லுவாங்கன்னு..."

"இந்த ரெண்டு நோட்டுதான் அவங்களுக்கு இருந்த ஒரே சாட்சி. அதை நீங்க பூட்டி வச்சிருந்தீங்க."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேர் அவர் முன் அப்படிக் குனிந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன வெற்றி உள்ளே கொக்கரிக்கும். இன்று அது சத்தமே போடவில்லை. டீச்சர் எதையோ மறைக்கிறார் என்று அவர் சந்தேகப்பட்டது சரி. எதை என்பதில்தான் முழுத் தப்பு.

"எப்படிக் காட்டினீங்களோ அப்படியே எனக்குக் காட்டுங்க" என்றார்.

டீச்சர் ஜன்னல் திரைகளை இழுத்து மூடினார். லேசர் விளக்கு பொருத்திய தாங்கி மேசையோடு திருகப்பட்டிருந்தது. அதன் முன்னால் பிளவுகள் கீறிய கண்ணாடித் தகடு. விளக்கைப் போட்டதும் எதிர்ச் சுவரில் சிவப்புப் பட்டைகள் வரிசையாக விழுந்தன. நடுவில் இருட்டு.

பூதக்கண்ணாடி சுவர்வரை நடந்து போனார். இருட்டின் மேல் விரலை வைத்தார். சொரசொரவென்று இருந்தது. கீழ் மூலை சுருண்டிருந்தது. அந்த மூலையை நகத்தால் நெம்பி இழுத்தார். ஒரு விரல் அகலக் கறுப்புத் துணி டேப், கொஞ்சம் சுண்ணாம்பையும் எடுத்துக்கொண்டு கையோடு வந்தது.

அது இருந்த இடத்தில், எல்லாப் பட்டைகளையும்விடப் பிரகாசமாக ஒரு சிவப்பு எரிந்தது.

"நான்தான் ஒட்டினேன்" என்றார் டீச்சர், கேட்காமலே. "வருஷா வருஷம் ஒளி எங்க விழணும்னு தேட வேண்டாமேன்னு ஒரு அடையாளம். நாலு வருஷம் இருக்கும். நடுவுல பிரகாசமா இருக்கும்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்ச விஷயம்தானேன்னு நான் சுவரைப் பார்க்கவே இல்ல. துகளை ஒவ்வொண்ணா அனுப்பினாலும் இதே வடிவம்தான் வரும்னு வேற சொல்லிக் குடுத்தேன்."

"மத்த முப்பத்தெட்டு பேரு?"

"அவங்களும் பார்க்கல போல."

டேப்பை விரலில் சுற்றியபடி பூதக்கண்ணாடி நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண்கள் பேசிக்கொள்ளவில்லை, பேசி வைக்கவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்தார்கள். அவருடைய விதியில் இதற்கு இடம் இருக்கவில்லை. வேறு எத்தனை கோப்புகளில் இப்படி ஒரு சுவர் இருந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்பைத் தற்காலிகமாக ஓரம் தள்ளினார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். அந்த ஜோடித் துகளுங்க. அதுங்களுக்கும் இப்படி ஒரு டேப்பு எங்கயாவது ஒட்டியிருக்குமோ? அதுங்க பிறந்த இடத்துல, ரெண்டுக்கும் பொதுவா?"

டீச்சர் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார். "எண்ணிப் பார்த்தீங்களா?"

"எண்ணினேன். மூணுல ஒண்ணுக்குக் குறையாது."

"டேப்பு இருந்தா அதுவும் ஒரு விடைச்சீட்டுதான் சார். பிறந்த இடத்துலயிருந்து பொதுவா எதைக் கொண்டு வந்தாலும் மூணுல ஒண்ணாவது வந்தாகணும். வர்றது நாலுல ஒண்ணு."

"அப்போ என்னதான் நடக்குது?"

"அதுல இன்னும் சண்டை ஓயல சார். ஆளுக்கொண்ணு சொல்றாங்க. எனக்குத் தெரியாது."

தெரியாது என்று ஒருவர் சொல்லி, அதை அவர் அப்படியே நம்பியது அபூர்வம். எதற்கும் டீச்சரின் முகத்தை இன்னொரு தடவை பார்த்து வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது டீச்சர் கதவருகே வந்தார். "சரி போட்டதையும் எழுதுவீங்களா சார்?"

"எழுதித்தான் ஆகணும். அந்தச் சரியும் தேதியும் இல்லைன்னா, பொண்ணுங்க நேத்து ராத்திரி வரைஞ்சு வச்சாங்கன்னு சொல்லிடுவாங்க. என் ஆபீஸ்ல எல்லாரும் என்னை மாதிரிதான்."

டீச்சர் அலமாரிக்குப் போய் அந்த இரண்டு நோட்டையும் தானே எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அறிக்கை போயிற்று. புதன்கிழமை முடிவு வெளியானது. இரண்டு பெண்களும் தேறியிருந்தார்கள். முப்பத்தொன்றாம் கேள்விக்கு மட்டும் இருவருக்கும் பூஜ்யம். டீச்சருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போயிற்று.

வெள்ளிக்கிழமை இருவரும் நோட்டுகளைத் திரும்ப வாங்க வந்தார்கள். நெட்டை வாசலில் குனிந்து நுழைந்தாள். வாயாடி நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. பார்த்ததை எழுதினதுக்குப் பூஜ்யமா?"

"பார்த்தீங்க. தொட்டுப் பார்க்கல. விளக்கை அணைச்ச பிறகும் இருக்கிற இருட்டைச் சந்தேகப்பட வேண்டாமா?"

"அப்போ பார்க்கவே பார்க்காம எழுதினவங்களுக்கு முழு மார்க்கா சார்?"

"அதைப் பத்தி யாரும் புகார் குடுக்கல" என்றார் பூதக்கண்ணாடி. சொல்லி முடித்ததும் அந்த வாக்கியம் அவருக்கே பிடிக்கவில்லை. மேசையின் மேல் இருந்த மர அளவுகோலை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். மூடினார். மறுபடி திறந்து வெளியே எடுத்து வைத்தார்.

நெட்டை நோட்டைப் புரட்டித் தன் கறுப்புப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சார், அந்த டேப்பை என்ன பண்ணீங்க?"

அவர் கோப்பைத் திறந்து அறிக்கையின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். ஒரு விரல் அகலக் கறுப்புத் துணி, சுருண்ட மூலையோடு, தாளில் ஒட்டியிருந்தது. பக்கத்தில் அவருடைய கையெழுத்தும் தேதியும்.

நெட்டை குனிந்து அதன் மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

"இதேதான் சார்" என்றாள்.